கோடையில் இலவச வகுப்பு: நான்காம் நாள் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

கேள்வி, 20 ஏப்ரல் 2025

எங்கள் ஊரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இலவச வகுப்பு நடத்துகிறோம். போன வருடம் முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள், நான்காம் நாள் பன்னிரண்டு பேர். "இலவசம் என்றால் மதிப்பு இருக்காது, நூறு ரூபாயாவது வாங்குங்கள்" என்கிறார்கள் எல்லோரும். நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

21 ஏப்ரல்

பணம் வாங்காதீர்கள். நூறு ரூபாய் வைத்தால் அந்தப் பன்னிரண்டு பேர் தவறாமல் வருவார்கள், சரி. வாங்காவிட்டாலும் அவர்கள் வரத்தான் போகிறார்கள். பாதியில் நின்ற இருபத்தெட்டு பேருக்காகத்தானே வகுப்பே தொடங்கினீர்கள்?

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, கிழக்கே போகப் போகப் பனை, அதற்கப்புறம் கடல். நான் கணிதம் படித்தவள், வேலைக்குப் போகவில்லை. 2021 அக்டோபரில் அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை 5 முதல் 7 வரை, இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. அந்தப் பழக்கத்தில் 2023 கோடையில் ஊர் நூலகத்தில் தனியாக ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். இது மூன்றாம் வருடம்.

முதல் வருடம் எனக்கும் உங்கள் கதைதான். வருகைப் பதிவேடு போட்டேன், கால அட்டவணை ஒட்டினேன். காலை 10 முதல் 12:30 வரை. தமிழ் ஒரு மணி நேரம், கணக்கு ஒரு மணி நேரம், மிச்ச நேரத்தில் ஓவியம். 36 பேர் பெயர் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் 14 பேர். ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைத் தெருவில் நிறுத்தி ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பள்ளிக்கூடந்தான் லீவாச்சேக்கா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. விடுமுறை விட்ட பிள்ளைக்கு நான் இன்னொரு பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

போன வருடம் நேரத்தைக் காலை 7 முதல் 9:30 என்று மாற்றினேன். பதிவேட்டை எடுத்துவிட்டேன். கதையும் விளையாட்டும் முதலில், எழுத்து வேலை நடுவில். 22 பேர் கடைசி வரை நின்றார்கள். நின்றுபோனவர்கள் வெயிலுக்கும் பாட்டி வீட்டுக்கும் நின்றுபோனார்கள் என்று நினைக்கிறேன்.

21 ஏப்ரல், இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். சாப்பாடு.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியம் சத்துணவு இருக்கிறது. பள்ளி நாட்களில் இந்தப் பிள்ளைகள் இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறார்கள். விடுமுறை விட்டதும் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. காட்டு வேலைக்குப் போகிற வீட்டில் விடிந்ததும் சமையல் நடக்காது. ஒரு பிள்ளை ஏழு மணிக்கு வகுப்புக்கு வருகிறது என்றால் வெறும் வயிற்றோடு வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் பாசிப்பயறு சுண்டல் கொடுத்தேன், ஒன்பதரைக்கு, வகுப்பு முடியும்போது. இந்த வருடம் எட்டு மணிக்கே கொடுக்கப் போகிறேன். எட்டரைக்கு மேல் சிறியவர்கள் சுருண்டு படுப்பதைக் கவனக்குறைவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது பசி.

24 ஏப்ரல்

"கோடையிலாவது பிள்ளைகளை விளையாட விடுங்கள், எதற்கு இந்த வகுப்பெல்லாம்" என்று எழுதியிருப்பவருக்கு.

உங்கள் கவலை எனக்கும் உண்டு. என் பிள்ளைகளை நான் எந்தக் கோடை வகுப்புக்கும் அனுப்பியதில்லை. ஆனால் என் வீட்டில் புத்தகம் இருந்தது, படித்துக் காட்ட ஆள் இருந்தது, ஊருக்குப் போனால் மாமா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனார். அதெல்லாம் கல்வி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு ஏப்ரல் நடுவில் பள்ளி மூடினால் ஜூன் வரை கண்ணில் படும் எழுத்து, பஸ்ஸின் பெயர்ப் பலகையும் பிஸ்கட் உறையும்தான்.

விளையாட்டை நிறுத்திவிட்டு நடத்தும் வகுப்பு வேண்டவே வேண்டாம். அதில் உங்களோடு நானும் நிற்கிறேன். இரண்டரை மணி நேரம் போக மீதிப் பொழுது முழுவதும் அவர்களுடையது.

28 ஏப்ரல்

இன்று தொடங்கினேன். 34 பேர். எட்டு மணிக்குச் சுண்டல். "எட்டுக்கு அப்புறம் என்ன வரும்?" என்று ஒன்றாம் வகுப்புக் குட்டியிடம் கேட்டேன். "மினி பஸ்க்கா" என்றாள். எங்கள் ஊருக்கு எட்டு மணி தாண்டியதும் மினி பஸ் வரும். மொத்த நூலகமும் சிரித்தது, நூலகர் உட்பட.

1 மே

நான்காம் நாள். 21 பேர்.

சுண்டல் வைத்தும், நேரம் மாற்றியும், பதிவேடு இல்லாமலும் 34 பேர் 21 ஆகிவிட்டார்கள். இந்த முறை ஊகிப்பதை விட்டுவிட்டு, சாயங்காலம் அந்தப் பதின்மூன்று வீட்டுக்கும் நடந்தேன். இதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ஐந்து பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பள்ளி நடக்கும்போது பாட்டி பார்த்துக்கொள்வார், விடுமுறையில் பெரிய பிள்ளை வீட்டில் இருப்பதால் பாட்டியும் கூலிக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிறார்கள், வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து. இருவர் உண்மையிலேயே பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூன்று பேர், ஒரே வீட்டுப் பிள்ளைகள், விடிலிக்குப் போய்விட்டார்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: பனங்காட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் குடிசைக்கு விடிலி என்று பெயர். பருவம் முடியும் வரை குடும்பத்தோடு அங்கேயே தங்கல்.)

வெயில் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

ஏப்ரல் 21ல் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது பாதி தவறு.

1 மே, இரவு

தூக்கம் வரவில்லை. ஒரு நான்காம் வகுப்புப் பெண், போன வருடமும் மூன்றாம் நாள் நின்றவள், வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இவன வச்சுக்கிட்டு வரலாமாக்கா?" என்றாள். போன வருடமே இதைக் கேட்க நினைத்திருக்கிறாள். நான் முதல் நாளே "சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு நினைவிருக்கிறது.

3 மே

நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் ஒரு பாய், பழைய சேலையில் ஒரு தூளி, கொட்டாங்கச்சி, மரக்கரண்டி, ஒரு வாளி மணல். கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் சின்னதுகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஐந்து அக்காக்களும் ஆறு குட்டிகளோடு திரும்பி வந்தார்கள்.

சத்தம் இருக்கிறது. யாராவது அழுதால் கதை நடுவில் நிற்கும். பரவாயில்லை. அந்த நான்காம் வகுப்புப் பெண் தம்பியை மடியில் வைத்துக்கொண்டே வாசித்தாள். அவன் பக்கத்தைத் திருப்பப் பார்த்தான், இவள் விரலால் அழுத்திக்கொண்டு வரியை முடித்தாள்.

5 மே

கத்திரி வெயில் நேற்றுத் தொடங்கிவிட்டது. ஏழு மணி வகுப்பை ஆறே முக்காலுக்கு நகர்த்தினேன். வேறொன்றும் மாற்றவில்லை.

8 மே

"பயிற்சி பெற்ற ஆசிரியர்களே ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாததை நீங்கள் ஒரு மாதத்தில் செய்துவிடுவீர்களா" என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

2008ல் பீகாரில் ஒரு கோடை முகாம் நடந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையில், அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாதம் நடத்தினார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மட்டும். பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக முன்னேறியது. அதே முறையையும் அதே புத்தகங்களையும் பள்ளி நாட்களில் ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. காரணம் எளிது. பள்ளி நாட்களில் பாடத்தை முடித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்த முடியும், எதிரே இருக்கும் பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டாலும். கோடையில் அந்தக் கட்டாயம் இல்லை. அந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

ஆகவே ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுக்காதீர்கள். நான் அவர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு முடிக்க வேண்டிய பாடம் கிடையாது, அந்த வசதி மட்டும்தான் கூடுதல்.

நடைமுறையில் நான் செய்வது: முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அருகில் உட்கார வைத்து நான்கு துண்டுச் சீட்டு காட்டுவேன். எழுத்துகள், சொற்கள், நாலு வரி, ஒரு சின்னக் கதை. எதில் நிற்கிறதோ அதுதான் அதன் கூட்டம். வகுப்பு எதுவென்று கேட்பதில்லை. நம் அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த எண்ணத்தில்தான். அரசின் வாசிப்பு இயக்கத்துச் சிறு புத்தகங்களைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பிள்ளைகளுக்குப் பெயர்களே பிடித்துவிட்டன. "அக்கா, நான் இன்னைக்கு ஓடுக்கு வந்துட்டேன்" என்று ஒரு பையன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறான்.

ஒரு கஷ்டமும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'நுழை' கூட்டத்தில் இருக்கிறான். ஒன்றாம் வகுப்புக் குட்டிகளோடு உட்கார அவனுக்கு வெட்கம். முதல் வாரம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். இப்போது அவனைச் சின்னவர்களுக்குப் படித்துக்காட்டும் ஆளாக வைத்திருக்கிறேன். முதல் நாள் மாலையே அந்தப் புத்தகத்தை என்னிடம் வாங்கிப் போய் நான்கைந்து முறை படித்துவிட்டு, மறுநாள் அவர்களுக்குப் படித்துக்காட்டுகிறான். சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

10 மே

கணக்கு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் கட்டைப் பிரிப்பதுதான். 42லிருந்து 17 எடுக்க ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்த பிள்ளை, தாளில் 2லிருந்து 7 போகாது என்று ஏழிலிருந்து இரண்டைக் கழிக்காது. புளியங்கொட்டையைவிட ஈர்க்குதான் நல்லது, கொட்டையைக் கட்ட முடியாது.

12 மே

நிழல் வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டு முற்றத்தில் ஒரு குச்சி நட்டு, பகல் பன்னிரண்டே காலுக்கு நிழல் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நேரத்தில்தான், பன்னிரண்டு மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நிழல் வடக்குப் பக்கம் விழும், நாளைக்கு எல்லோரும் அளந்து சொல்லுங்கள் என்றேன்.

13 மே

தவறு என்னுடையது.

காலையில் எல்லோரும் ஒரே குரலில் "கோயில் பக்கம் விழுதுக்கா" என்றார்கள். எங்கள் ஊரில் கோயில் தெற்கே. நான் நம்பவில்லை. திசையை மாற்றிப் புரிந்துகொண்டீர்கள், நேரம் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை மட்டும் விடாமல், "நீங்க வந்து பாருங்க" என்றாள். பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போய் ஒரு மீட்டர் குச்சியை நட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டே காலுக்கு நிழல் தெற்கே, ஏறக்குறைய 16 செ.மீ.

உட்கார்ந்து யோசித்த பிறகு விளங்கிற்று. நாம் வடக்கு அட்சரேகையில் ஒன்பது பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறப்பதையொட்டி, சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வருகிறது. நிழலில்லா நாள் என்பது அதுதான். அதற்குப் பிறகு அது நமக்கு வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பிவந்து தலையைக் கடக்கிறது. ஆக மே மாதம் முழுவதும் உச்சி நிழல் தெற்கேதான் விழ வேண்டும். கணிதம் படித்தும், இத்தனை வருடம் இதே முற்றத்தில் துணி காயப்போட்டும் நான் கவனிக்கவில்லை.

14ஆம் தேதி வகுப்பில் முதல் வேலையாக, நான் சொன்னது தவறு, நீங்கள் பார்த்ததே சரி என்று சொல்லப் போகிறேன்.

14 மே

சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை, "அப்போ ஆகஸ்ட்ல நம்ம நிழல் எங்கக்கா போவும்?" என்றாள். அன்று முழுக்க வேறெதுவும் நடக்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் குண்டூசி குத்தி டார்ச் அடித்துக்கொண்டே இருந்தோம்.

15 மே

நன்கொடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வருடம் ஒரு அமைப்பு எங்கள் வகுப்பைக் கேள்விப்பட்டு வந்தது. முப்பது பைகள், முப்பது தண்ணீர் பாட்டில்கள், பெரிய பேனர். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி ஒன்றரை மணி நேரம் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் பையை வாங்கும்போது "நன்றி ஐயா" சொல்லச் சொன்னார்கள், படத்துக்காக இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளை பையை மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அப்பா திட்டினாராம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

இந்த வருடம் கேட்டவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: பிள்ளைகள் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. ஒருவர் மட்டும் சரி என்று இரண்டு மூட்டைக் கம்பு அனுப்பினார்.

17 மே

கோடையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா என்ற விவாதம் மேலே நீண்டுகொண்டு போகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 1996ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள், கணக்கில் கூடுதலாக என்றார்கள். பின்னால் பால் வான் ஹிப்பல் என்பவர் அந்தப் பழைய தேர்வுகளின் மதிப்பெண் முறையிலேயே கோளாறு இருக்கலாம் என்று கேள்வி எழுப்பினார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் நாட்டில் எனக்கு மனதைத் தைத்தது வேறு. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தது. நூற்றுக்கு 92 பேர் முன்பு தெரிந்திருந்த ஒரு மொழித்திறனையாவது இழந்திருந்தார்கள். தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. ஆனால் 2021ல் என் திண்ணைக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 'ஞ' எது என்று தெரியவில்லை.

ஒன்றரை வருடத்தையும் ஒன்றரை மாதத்தையும் ஒன்றாக வைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். யோசித்தால் இந்த விவாதமே எனக்குத் தேவைப்படவில்லை. மறந்தாலும் மறக்காவிட்டாலும், மே மாதத்தில் ஒரு பிள்ளைக்குக் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் வேண்டாம்.

19 மே

நூலகப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் திரும்பி வராது என்கிறார்கள். எங்கள் நூலகருக்கும் முதலில் அந்தப் பயம்தான், அவர் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா. உறுப்பினராக முன்பணம் கட்ட எங்கள் பிள்ளைகளால் முடியாது. கடைசியில் என் பெயரிலும் இன்னும் சில வீட்டுக்காரர்கள் பெயரிலும் அட்டை போட்டு, அதில் எடுத்துக் கொடுக்கிறோம். என் வீட்டுப் புத்தகங்களும் சேர்ந்து சுற்றில் இருக்கின்றன. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் மாநிலத்தில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தப் புத்தகங்கள் கூரைவீட்டுப் பிள்ளையின் தலைமாட்டில் கிடந்தால் எனக்குச் சந்தோஷம்.

ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஃபுளோரிடாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடை தொடங்கும்போதும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள், மூன்று கோடைகள், பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டவை. பாடம் எதுவும் நடத்தவில்லை. மற்றவர்களைவிட அவர்கள் வாசிப்பில் முன்னே போனார்கள், மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகள் இன்னும் முன்னே. வகுப்பு நடத்த ஆள் இல்லாத ஊர்க்காரர்கள் இதையாவது செய்யலாம். "பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டவை" என்பதை விட்டுவிடாதீர்கள். நான் நல்லது என்று எடுத்துக் கொடுத்த புத்தகங்கள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. பேய்க்கதை மூன்று வீடு சுற்றிவிட்டு அட்டை கிழிந்து வந்தது.

20 மே

விடிலிக்குப் போன அந்த மூன்று பிள்ளைகளை நான் மறக்கவில்லை. வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் போய்ப் புத்தகம் மாற்றிவிட்டு வருகிறேன். காலையில் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அதனால் அம்மா மதியம் வரை அடுப்பை விட்டு நகர முடியாது. பிள்ளைகள் காய்ந்த ஓலை பொறுக்கிக் கொடுக்கிறார்கள். மூத்தவன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அம்மா துடுப்பால் கிண்டிக்கொண்டே, "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்றார்.

என்னைச் சும்மா போகவிடாமல் ஒரு பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

21 மே

நுங்கு வண்டி. இதை எழுதாமல் விட முடியாது. நுங்கு எடுத்த காயில் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வகுப்புக்கு வெளியே வண்டி நிறுத்துமிடமே இருக்கிறது.

இன்று சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, பத்து மீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணினோம். ஒருவன் வண்டி 26, இன்னொருவன் வண்டி 31. ஏன் வித்தியாசம் என்று கேட்டேன். நூல் சுற்றி அளந்தார்கள். நானும் பெருக்கல், வகுத்தல் என்று எங்கோ கொண்டுபோக நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண், "சின்ன வண்டிக்கு வேல ஜாஸ்திக்கா" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

24 மே

முடிந்தது. நான்கு வாரம். கடைசி நாள் 29 பேர், குட்டிகள் தனி. வத்தல் கிள்ளப் போன மூவரில் ஒருத்திதான் திரும்பி வந்தாள். மற்ற இருவருக்காக வீட்டில் மறுபடியும் பேசிப் பார்த்தேன். கூலி கணக்கு சொன்னார்கள். எனக்குப் பதில் இல்லை. சாயங்கால நேரம் ஒன்று வைத்திருந்தால் வந்திருப்பார்களோ என்னவோ. அடுத்த வருடம் அதை முயல வேண்டும்.

எழுத்தில் நின்ற ஒன்பது பேரில் ஆறு பேர் நாலு வரி படிக்கிறார்கள். மூன்று பேர் இன்னும் சொல்லிலேயே நிற்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறேன், பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் பேச.

27 மே

இழையின் முதல் கேள்விக்கு மறுபடி வருகிறேன், நூறு ரூபாய்க்கு. பணம் வாங்காதீர்கள் என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருந்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

மூன்றாம் வாரம் ஒரு பாட்டி முந்தானையில் ஒரு படி பாசிப்பயறு முடிந்துகொண்டு வந்தார். வேண்டாம் பாட்டி, இருக்கட்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எம் பேத்தி தினமும் சும்மா தின்னுட்டு வாரா, எனக்குக் கொடுக்க ஒண்ணுமில்லன்னு நெனச்சியா?" என்றார். வாங்கி, அவர் கண் முன்னாலேயே டப்பாவில் கொட்டினேன். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து வெல்லம் வந்தது. ஒருவர் வந்து தூளிக்கு நல்ல கயிறு கட்டிக் கொடுத்தார். வத்தல் வீட்டிலிருந்துகூட ஒரு பை வத்தல் வந்தது, பிள்ளைகள் வராத வீட்டிலிருந்து.

வகுப்புக்கு விலை வைக்காதீர்கள். யாராவது எதையாவது கொண்டுவந்தால் மறுக்கவும் செய்யாதீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

3 ஜூன்

பள்ளி நேற்றுத் திறந்துவிட்டது. சுற்றில் இருந்த 41 புத்தகங்களில் 38 வந்துவிட்டன. வராத மூன்றும் விடிலியில் இருக்கின்றன, மூவரும் இன்னும் வரவில்லை. நூலகர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் இப்போது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறான். மினி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நூலகத் திண்ணையில் சின்னவர்களுக்குப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போகிறான். நான் சொல்லவில்லை.

9 ஜூன்

கேட்டவர் தன் ஊர் வகுப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தேன். பதின்மூன்று வீடு நடந்ததை அப்படியே செய்துபார்த்தீர்களாமே, மகிழ்ச்சி. உங்கள் ஊரில் காரணம் வேறாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ரயில்வே தண்டவாளம் தாண்டி வர வேண்டும் என்பதை நான் இங்கிருந்து எப்படி ஊகித்திருக்க முடியும்? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நூலகம்தான் வேண்டும் என்பதில்லை.

நேற்று விடிலிக் குடும்பத்து மூத்தவன் வந்து மூன்று புத்தகங்களையும் கொடுத்தான். பள்ளியில் சேர்ந்துவிட்டார்களாம், தாத்தா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் ஓரம் கருகியிருந்தது. அதற்குத் திட்டுவேன் என்று தள்ளியே நின்றான். பிரித்தால் பக்கமெல்லாம் கருப்பட்டிப் பாகு வாசனை. அந்த நரிக் கதைப் பக்கத்தில் மட்டும் ஒரு பனை ஈர்க்கு அடையாளம் வைத்திருந்தது. அம்மா அதை மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் அந்த ஒன்றை மட்டும் இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்றான்.

என் அட்டையில் மறுபதிவு போட்டுக் கொடுத்துவிட்டேன்.